‘பால்’ என்று கேட்டால் எருமைப்பால் என்கிறார்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உடல்நலக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், படிவத்தில் ஆணா பெண்ணா என்ற ‘பால்’ விவரத்தை எப்படிக் கேட்பது, எழுதுவது என்று அனுப்பிய கேள்விகள் இவை. ரொம்ப காலம் படிவத்தோடு ஊர் சுற்றியவன் என்பதால் பதில் என் தலையில்.

பாலக்கோடு, களப்பணியாளர்: ‘பால்’ கட்டத்தில் ஆளைப் பார்த்தே டிக் போட்டால் என்ன?

நானும் போட்டவன்தான். ஆனால் அங்கே பதிவாவது உங்கள் ஊகம், அவர் பதில் இல்லை. வாய்விட்டுக் கேளுங்கள். அதற்காக “உங்க பால் என்ன?” என்று கேட்காதீர்கள். பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி, “எருமைப்பால்தான் சாமி, சொசைட்டிக்கு ஊத்தினது போக மிச்சம் காப்பிக்கு” என்றார். “ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, எப்படி எழுதிக்கட்டும்?” என்றால் யாரும் குழம்புவதில்லை.

அரூர், செவிலியர்: ரத்தசோகை ஆய்வு செய்கிறோம். பால் பற்றி ஒரு கேள்வி போதாதா?

போதாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆணுக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒரு திருநம்பிக்கு, அதாவது பிறந்தபோது பெண் என்று பதிவாகி இப்போது ஆணாக வாழ்பவருக்கு, 12.5 வந்தால் எந்தக் கோடு? பிறந்தபோது என்னவென்று பதிந்தார்கள், இப்போது தன்னை எப்படிச் சொல்கிறார் என்று இரண்டாகக் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், அதனால் ஹார்மோன் பற்றியும் ஒரு வரி. அதே சமயம், ஆஸ்பத்திரிக்குப் பஸ் வசதி உண்டா என்று மட்டும் பார்க்கிற ஆய்வில் பிறப்புக் கேள்வி எதற்கு?

ஓசூர், சமூகப்பணி மாணவி: மூன்றாவதாக ‘மற்றவை’ வைத்தால் சரியா?

‘மற்றவை’ அஃறிணை, அம்மா! ஆடு மாட்டுக் கணக்குக்குப் பொருந்தும். பெயர் சொல்லியே கட்டம் போடுங்கள், கடைசியில் ‘வேறு, நீங்களே சொல்லுங்கள்’. யார் பதில் சொன்னார் என்பதையும் குறியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மூன்றாம் பிரிவில் சுமார் 4.88 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 55 ஆயிரம் பேர் ஆறு வயது வரையான பிள்ளைகள். அவர்களா சொல்லியிருப்பார்கள்?

கிருஷ்ணகிரி, நோய்த்தணிப்புத் தன்னார்வலர்: ‘பெண்களுக்கு ஆன்மிக நலன் அதிகம்’ என்று முடிவு வருகிறது. எழுதலாமா?

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். ஆன்மிக நலனை அளக்கிற ஃபேசிட்-எஸ்பி படிவம் என்றால் 12 கேள்விகள்: வாழ்வின் பொருள், மன அமைதி, நம்பிக்கை. பிரித்துப் பாருங்கள். வித்தியாசம் நம்பிக்கையில் மட்டும் என்றால், விரதமும் விளக்கும் நம் வீடுகளில் யார் பொறுப்பு என்று யோசியுங்கள். அது உடம்பு செய்த வேலை இல்லை, வளர்ப்பு. அப்புறம், பக்கத்தில் யார் நின்றார்கள்? ஒரு நோயாளி மனைவி எதிரில் “எனக்கென்ன பயம்” என்றார். அந்தம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும், “ராத்திரி கண்ணு மூடவே பயமா இருக்குங்க” என்றார். நான் முதல் பதிலுக்கு ஏற்கெனவே டிக் போட்டிருந்தேன்.

தேன்கனிக்கோட்டை: எங்கள் ஆய்வில் பதில் சொன்னவர்களில் திருநங்கை ஒரே ஒருவர். ஊர் வாரி அட்டவணையில் போடலாமா?

கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாவட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள்.