வந்த இடத்தில் தொலைந்தால்...

வேறு நாட்டில் குடியேறிய புதிதில் உடைமைகளைத் தொலைத்த வாசகர்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: குடும்பத்தோடு வந்து இறங்கினோம். நான்கு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. 'அடுத்த விமானத்தில் வந்துவிடும்' என்று கவுன்ட்டரில் சொன்னதை நம்பி, எதையும் எழுதி வாங்காமல் வந்துவிட்டோம். ஐந்து நாளாகிறது. இனி இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றே எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. விமான நிலையத்திலேயே பதிவு செய்திருந்தால் பி.ஐ.ஆர். என்ற, பெட்டி வராததைப் பதியும் அறிக்கை கிடைத்திருக்கும். எழுத்தும் எண்ணுமாக அதில் இருக்கும் பத்து இடக் குறியீட்டை வைத்துத்தான் பெட்டியைத் தேடுவார்கள். இப்போது போர்டிங் பாஸையும் 10 இலக்க லக்கேஜ் ரசீதையும் படமெடுத்து இணைத்து, உங்களைக் கடைசியாக ஏற்றிவந்த விமான நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். வழியில் விமானம் மாறியிருந்தாலும் முதலில் போக வேண்டியது கடைசி நிறுவனத்திடம்தான்.

பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். அதன்படி, பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். பெட்டி வந்து, உள்ளே பொருள் குறைந்திருந்தாலும் 7 நாள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். வழக்குத் தொடர 2 ஆண்டு வரை காலம் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு இது, அன்றைய மதிப்பில் உள்ளூர்ப் பணமாக மாற்றித் தருவார்கள்.) இந்த வரம்பு ஒரு பயணிக்கு, ஒரு பெட்டிக்கு அல்ல. முழுத் தொகையும் தானாக வந்துவிடாது. பொருளின் பழைமைக்குக் கழிப்பார்கள்.

குடியேற வருபவர்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது முகவரி. வந்ததும் தங்கும் விடுதியின் முகவரியைக் கொடுத்துவிட்டு, பத்து நாளில் வாடகை வீட்டுக்கு மாறிவிடுவீர்கள். பெட்டி பழைய வாசலுக்குப் போய்த் திரும்பிவிடும். முகவரியும் போன் எண்ணும் மாறும்போதெல்லாம் பி.ஐ.ஆர். குறியீட்டோடு சேர்த்து நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

இரண்டாவது, அவசரச் செலவு. ஒருவழி டிக்கெட்டைப் பார்த்து, 'இவர் வீட்டுக்குத்தானே வந்திருக்கிறார், மாற்றுத்துணி இருக்கும்' என்று சில நிறுவனங்கள் மறுக்கும். புதிதாகக் குடியேறியவர் என்பதைக் காட்டும் விசாவையும் விடுதி ரசீதையும் இணைத்தால் அந்த வாதம் நிற்காது. உள்ளாடை, சோப்பு, குழந்தைக்கான பொருட்கள், பருவத்துக்கேற்ற ஒரு மேலாடை என அவசியமானதை மட்டும் வாங்குங்கள். பில் ஒன்றையும் விடாதீர்கள்.

உள்ளிருந்தவற்றின் பட்டியலில் 'துணிமணி' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். நிறம், பிராண்ட், அளவு, வாங்கிய ஆண்டு எல்லாம் வேண்டும். பெட்டியில் மாட்டிய லக்கேஜ் பட்டை கிழிந்து போனால், உள்ளே இருப்பதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். நகை, பணம், சான்றிதழ், லேப்டாப் போன்றவற்றை செக்-இன் பெட்டியில் வைத்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல நிறுவனங்களின் பயண நிபந்தனைகளிலேயே இருக்கிறது. இனி வரப்போகும் உறவினர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீடு மாறும்போது பாஸ்போர்ட் காணாமல் போய்விட்டது. குடியுரிமை அல்ல, வேலை விசா. அதுவும் அதற்குள்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. எப்படியும் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. காத்திருக்கலாமா?

பதில்: ஓரிரு நாள் உட்கார்ந்து முறையாகத் தேடுங்கள். கட்டிய அட்டைப்பெட்டிகள், நகலெடுத்த கடை, கடைசியாகக் காட்டிய வங்கி, வீட்டு முகவர் அலுவலகம் என எல்லாவற்றையும் பாருங்கள். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொலைந்ததாக அறிவித்ததும் பாஸ்போர்ட் ரத்தாகும். அந்த எண், இன்டர்போல் 2002-இல் தொடங்கிய தொலைந்த பயண ஆவணங்களின் தரவுத்தளத்துக்கும் போகக்கூடும். பிறகு அது அலமாரியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது, எல்லையில் நிறுத்திவிடுவார்கள்.

திருடப்பட்டது என்று தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். முதலில் போலீஸ் புகார், பிறகு உங்கள் நாட்டின் தூதரகம், அதற்கடுத்து இருக்கும் நாட்டின் குடியேற்றத் துறை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தூதரகம் தரும் புதுப் பாஸ்போர்ட்டில் வேலை விசா இருக்காது. அதைச் சரிசெய்வது குடியேற்றத் துறைதான். புகாரில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு நகல் வாங்குங்கள்.

தூதரகம் தரும் அவசரப் பயண ஆவணம் பெரும்பாலும் ஊர் திரும்ப மட்டுமே உதவும். விசா பற்றிக் குடியேற்றத் துறையிடம் எழுத்தில் பதில் பெறாமல் அதை வைத்துக் கிளம்பினால், திரும்பி வருவது பெரும்பாடாகிவிடும்.

கேள்வி: போனைத் தொலைத்துவிட்டேன். சொந்த நாட்டு சிம் அதில்தான் இருந்தது. வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்கே வரும். எதை முதலில் செய்வது?

பதில்: சிம்மை முடக்குங்கள். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்கே போகும். அடுத்து வங்கி. அதன் பிறகு வேறொருவர் போனிலிருந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து போனைத் தொலைந்த நிலைக்கு (லாஸ்ட் மோட்) மாற்றுங்கள். கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்க மட்டும் செய்யாதீர்கள். ஐபோனை அப்படி நீக்கினால், வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் பூட்டும் விலகிவிடும். 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே தட்டுங்கள்' என்று சில நாளில் செய்தி வந்தால் தொடாதீர்கள். கடவுச்சொல்லைப் பறிக்கும் வலை அது.

போலீஸ் கேட்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்) போன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும், பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். மாற்று சிம்முக்கு நேரில் வரச் சொன்னால், உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். புது சிம் வந்ததும் அதற்குச் சிம் பின் என்ற ரகசிய எண்ணை வையுங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: கப்பலில் 22 பெட்டிகள் அனுப்பினோம், 20 தான் வந்தன. எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதில்: அந்தக் கையெழுத்து உங்களுக்குப் பாதகம்தான், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பல நாடுகள் பின்பற்றும் கடல் சரக்கு விதிகளில், வெளியே தெரியாத குறைக்கு 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்; வழக்குக்கு ஓராண்டு. பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எண்ணோடு, வராத பெட்டிகளின் எண்களைக் குறிப்பிட்டு ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பலரின் சரக்கு ஒரே கன்டெய்னரில் வந்திருந்தால், பிரிக்கும் கிடங்கில் இன்னொருவர் குவியலோடு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக் குறித்த டேலி ஷீட்டைக் கேளுங்கள். நீங்களே கட்டிய பெட்டிகளுக்கு, உள்ளே உடைந்ததற்குப் பல பாலிசிகள் தராது. முழுப் பெட்டி காணாமல் போனால் தருபவை உண்டு. பேக்கிங் லிஸ்ட்டில் அந்தப் பெட்டி எண்ணுக்கு எதிரே மதிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முதலில் தங்கிய விடுதியில் அம்மாவின் பழைய புகைப்பட ஆல்பத்தை விட்டுவிட்டேன். இரண்டு மாதமாகிறது. கேட்பது வீணா?

பதில்: கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரோடு நிறுத்தாமல், அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவின் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். கிடைத்த பொருட்களின் பதிவேடு பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். அறை எண், கிளம்பிய தேதி, ஆல்பத்தின் நிறம், முதல் பக்கத்தில் இருக்கும் படம் இவ்வளவையும் எழுதிக் கொடுங்கள். பொருட்களை வைத்திருக்கும் காலம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இன்றே போன் செய்யுங்கள். கிடைத்தால் அஞ்சல் செலவு உங்களுடையது என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.