புதிதாகக் கண்டுபிடித்த பூச்சி இனத்தை எப்படி விவரிக்கிறார்கள்? யார் பெயர் வைப்பார்கள்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. பெங்களூரில் படம் வரைந்து பிழைப்பவள். பாடப்புத்தகப் படங்கள், விவசாயக் கையேடுகள் என்று ஓடிக்கொண்டிருந்தபோது ஹெப்பாள் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி செய்யும் தம்பி ஒருவன், "அக்கா, ஒரு ஈ வரையணும்" என்று வந்து நின்றான். தார்வாட்காரன், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவான். ஓர் ஈக்கு இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன். ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அல்சூர் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "ஈயைப் பார்த்தா அடிப்பாங்க, நீ உட்கார்ந்து வரையப் போறியா?" என்றாள். போகட்டும்.

அந்த ஈ நடன ஈ வகையைச் சேர்ந்தது. எம்பிடிடே என்ற குடும்பம். பெயர் பெற்றவை மட்டும் சுமார் 3,000 இனங்கள். சாயங்கால நேரத்தில் ஓடைக்கு மேலேயோ மர நிழலிலோ கூட்டமாக மேலும் கீழும் பறந்துகொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். அதைவிடப் பேர்போனது அதன் கல்யாண முறை. ஆண் ஒரு குட்டிப் பூச்சியைப் பிடித்துக் கொண்டுவந்து பெண்ணிடம் கொடுக்கும். பெண் அதை உறிஞ்சிச் சாப்பிடும் நேரம்தான் இணைசேரும் நேரம். ஹிலாரா என்ற பேரினத்து ஆண்களுக்கு முன்னங்கால் பாதத்தின் முதல் கணு உப்பியிருக்கும். அதிலிருந்து பட்டு இழை சுரந்து, இரையைச் சுற்றிப் பொட்டலமாகவே கட்டிக் கொடுக்கும். ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு ஹிலாராவின் பொட்டலத்தில் இரையே இருக்காது, வெறும் பட்டு உறைதான். 1888-ல் பெக்கர் என்பவர் அதற்கு வைத்த பெயர் ஹிலாரா சார்ட்ரிக்ஸ். சார்ட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் தையல்காரி. தைப்பது என்னவோ ஆண்.

வட அமெரிக்காவில் இன்னொன்று, ராம்ஃபோமியா லாங்கிகாடா. அதில் பெண்களுக்கு வேட்டையாடத் தெரியாது, ஆண் கொண்டுவரும் இரைதான் புரதம். அதனால் ஆடுவது பெண்கள், தேர்ந்தெடுப்பது ஆண். பெண்கள் காற்றை விழுங்கி வயிற்றை ஊதிக்கொண்டு, இறகு போன்ற செதில்கள் உள்ள கால்களை இருபுறமும் சேர்த்து வைத்து, நிறைய முட்டை இருப்பது போலக் காட்டும். இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அவளுக்கு முதல்முறையாக ஈயின் மேல் மரியாதை வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆட்டமும் சீரும் பறப்பதுமாக வரையப் போகிறோம் என்று ஆசையாகப் போனேன். தம்பி நுண்நோக்கிக்கு அடியில் வைத்தது ஆண் ஈயின் பின்பக்கம். அதுவும் தனியாக வெட்டி எடுத்தது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

காரணம் நியாயமானதுதான். நெருங்கிய இரண்டு இனங்களின் நிறம், நீளம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எத்தனாலில் ஊறினால் நிறம் வெளுத்தும் போகும். ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் மட்டும் இனத்துக்கு இனம் தெளிவாக மாறும். அதனால் வயிற்று நுனியை நறுக்கி, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெதுவாகச் சூடாக்குவார்கள். சதை கரைந்து கூடு மட்டும் கண்ணாடி போல நிற்கும். அதைக் கிளிசரினில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நுண்நோக்கியோடு பொருத்திய, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த ஒரு குழாய் வழியாகப் பார்த்தால் ஈயும் என் பென்சில் நுனியும் ஒரே இடத்தில் தெரியும், அதன்மேல் கோடு போட வேண்டியதுதான். கேட்க எளிது. கிளிசரினில் அது கொஞ்சம் உருண்டாலும் வரைந்த கோணம் போய்விடும். மூன்றாவது வாரம் எனக்குக் கனவிலும் அதே வளைவுதான் வந்தது.

விவரிப்பு எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். வினைச்சொல் அநேகமாகக் கிடையாது. தலை கருப்பு, சாம்பல் பொடி பூத்தது. ஆணின் கண்கள் நெற்றியில் ஒட்டியவை. மார்பில் முள்மயிர் இத்தனை வரிசை. கால்கள் மஞ்சள், பின்தொடை நுனி பழுப்பு. சிறகின் நீளம் இவ்வளவு. இப்படி நாலு பக்கம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தம்பி 1920-ல் வந்த ஒரு தொகுதியைத் திறந்து காட்டினான். புரூனெட்டி என்பவர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி எழுதியது. தொழிலில் இசைக்கலைஞர், ஊர் ஊராக வாசித்துக்கொண்டே ஈ பிடித்தவர். அந்தக் காலத்து விவரிப்புகள் பலவற்றில் நிறமும் நீளமும் மட்டும் இருக்கும், ஆணின் பின்பகுதிப் படம் இருக்காது. நூறு வருஷம் கழித்து ஒருவன் கையில் ஈயை வைத்துக்கொண்டு, "இது அவர் சொன்னதா, வேறா?" என்று முழிக்கிறான். ஒரு வார்த்தை குறைந்தாலும் பின்னால் வருகிறவன் மாட்டிக்கொள்வான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

புதியது என்று சொல்வதற்கு முன் பழையது எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும், மெனக்கெடல் அதில்தான். அந்தப் பேரினத்தில் இதுவரை பெயர் வைத்த எல்லாவற்றின் எழுத்தையும் படிக்க வேண்டும், முடிந்தால் மூல மாதிரிகளையே பார்க்க வேண்டும். அவை ஏதோ ஓர் ஊர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் இருக்கும். படம் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுடையது எம்பிஸ் பேரினம். அதையும் ராம்ஃபோமியாவையும் பிரிப்பது சிறகில் ஒரே ஒரு நரம்பு: எம்பிஸில் அது நுனிக்கு முன் இரண்டாகக் கிளைக்கும், ராம்ஃபோமியாவில் கிளைக்காது. என் முதல் சிறகுப் படத்தில் அந்தக் கிளையை மடிப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். "அக்கா, ஈயோட ஜாதியையே மாத்திட்டீங்க" என்றான்.

இனி ஒரு குப்பிக் கதை. ஈக்கள் குடகில் ஓர் ஓடைக்கரையில் 2017 அக்டோபரில், வனத்துறை அனுமதியோடு பிடித்தவை. ஐந்து வருஷம் எத்தனாலில் அலமாரியிலேயே கிடந்திருக்கின்றன. இது ஒன்றும் அதிசயம் இல்லையாம். 2012-ல் வந்த ஓர் ஆய்வுப்படி, ஓர் இனம் முதலில் சேகரிக்கப்பட்டு விவரிக்கப்படுவதற்கு இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன. குப்பிகளில் ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே கால் உடைந்த கொசு மாதிரி ஒரு சிறு பூச்சி. தவறுதலாக வந்து விழுந்த குப்பை என்று நினைத்தேன். மற்ற இரண்டையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதைத் தூரிகை நுனியால் ஒதுக்கிக் காகிதத் துண்டில் விட்டேன். ஈரம் துடைக்கிற காகிதம். மத்தியானம் அதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தம்பி குப்பிக்குள் இருந்த பென்சில் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: மாலை 5.40, ஓடைக் கல்லுக்கு மேல் கூட்டம், ஜோடி, இரையோடு. "இரை எங்கே அக்கா?" என்றான்.

கூடையைக் கவிழ்த்தோம். முந்தின நாள் டீக்கோப்பைகளுக்கு நடுவே பதினோரு கசங்கிய காகிதங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து நுண்நோக்கியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒன்பதாவதில் இருந்தது. காய்ந்து சுருண்டு, ஒரு சிறகு போய். அவன் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த சீரைக் குப்பையில் போட்டவள் என்று இன்றைக்கும் அந்தக் கூடத்தில் எனக்குப் பெயர்.

அவ்வளவு தேடியதற்குக் காரணம் இருக்கிறது. நாலு பக்க விவரிப்பில் அந்த ஈ உயிரோடு என்ன செய்தது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சீட்டும் அந்தப் பூச்சியும்தான். ஆடுகிற ஈ என்று குடும்பத்துக்கே பெயர். விவரிப்பிலோ ஆட்டம் ஒரு வரி. கேட்டால், "குண்டூசியில் இருக்கிறதை மட்டும்தான் எழுத முடியும், பார்க்காததை எழுதக் கூடாது" என்கிறார்கள். சரிதான். ஆனால் பிடித்தவர் அந்த ஒரு வரியைக் கிறுக்கியிராவிட்டால் அதுவும் இருந்திருக்காது. பூச்சி பிடிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சீட்டில் இடம் இருந்தால் கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

இப்போது பெயர். விவரித்து எழுதுகிறவர்தான் பெயர் வைப்பார். பிடித்தவரோ படம் வரைந்தவரோ இல்லை. தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனால் வைத்தால் ஊர் சிரிக்கும். ஊர்ப் பெயர் என்றால் பெரும்பாலும் என்சிஸ் என்று முடியும், ஒரு மனிதரின் பெயர் என்றால் ஆணுக்கு இ, பெண்ணுக்கு ஏ. தமிழ்ச் சொல், கன்னடச் சொல் எதுவும் வைக்கலாம், லத்தீன் எழுத்து 26-க்குள் அடங்கினால் போதும். நான் ழ வருகிற ஒரு சொல்லைச் சொன்னேன். அதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்து, உச்சரித்துப் பார்த்து, அவனும் அவன் வழிகாட்டியும் சிரித்த சிரிப்பில் நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வைத்த பெயரை இங்கே சொல்ல மாட்டேன். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. விவரிப்பு இல்லாமல் பெயர் மட்டும் வெளியே வந்தால் அதை அம்மணப் பெயர் என்றே அர்த்தம் வரும் லத்தீன் சொல்லால் குறிப்பார்கள், செல்லாது. விலங்குகளின் பெயர்க் கணக்கே 1758-ல் லின்னேயஸ் வெளியிட்ட 'சிஸ்டமா நாச்சுரே' என்ற நூலின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அன்றிலிருந்து யார் முதலில் முறையாக வெளியிட்டாரோ அவர் வைத்ததுதான் பெயர். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பெயரைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு ஈ. ஹோலோடைப் என்பார்கள், சிவப்புச் சீட்டு. உலகில் யாருக்கு எப்போது சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். கூடப் பிடித்த மற்றவை பாராடைப். எங்கள் ஹோலோடைப் கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும். புதிய இனம் என்றால் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. முக்கோண அட்டை நுனியில் ஒட்டிய ஈ, அதே குண்டூசியில் கிளிசரின் நிரப்பிய குட்டிக் குழாயில் அதன் பின்பகுதி.

சீராக வந்த பூச்சியும் கூடவே போகிறது, தனிக் குழாயில், அதே எண்ணோடு. கொசு மாதிரி இருந்தாலும் கடிக்காத சிரோனமிடே குடும்பம் என்பதற்கு மேல் அது என்ன இனம் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. தம்பிக்கு அந்தக் குடும்பம் தெரியாது. தெரிந்தவர் ஒருவருக்குப் படம் அனுப்பினோம். "ஒரு சிறகு எங்கே?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.