மூழ்கிய கப்பல் அரை நிமிடத்தில் திரும்பி வந்தால் சண்டை எதற்கு?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து, ஆன்லைனில் பலர் ஆடக்கூடிய கடற்கொள்ளையர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். ஆடிப் பார்த்தவர்கள் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள். வென்றாலும் தோற்றாலும் எதுவும் மாறுவதில்லை. மூழ்கிய கப்பல் அரை நிமிடத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த சண்டை வரும்வரை வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க அலுப்பாக இருக்கிறது. புதிய பீரங்கிகளையும், நினைத்த தீவுக்கு உடனே தாவும் வசதியையும் சேர்க்கலாமா? தாவுவதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார்.

பதில்: பீரங்கியும் வேண்டாம், தாவலும் வேண்டாம். அந்த ஆலோசகரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியவை இரண்டு குறைகள் அல்ல, ஒன்றுதான். உங்கள் கப்பலில் சரக்கு இல்லை. இழக்க எதுவும் இல்லாதவரை வீழ்த்தி என்ன பயன்? காப்பாற்ற எதுவும் இல்லாதவருக்குப் பயணம் அலுக்கத்தானே செய்யும்? எனவே கொள்ளையடித்த பொருள் உடனே கணக்கில் சேரக் கூடாது. பெட்டியாக, மூட்டையாகக் கப்பலிலேயே கிடக்க வேண்டும். துறைமுகத்தில் விற்றால்தான் காசு. 2018-இல் வெளிவந்த 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டு இப்படித்தான் தொடங்கியது. 2020-இல் அதற்கு மேல் ஒரு கொடியைச் சேர்த்தார்கள். அதை ஏற்றிக்கொண்டு பொருள் சேர்த்து அதன் உச்ச நிலையை எட்டினால் பொருளுக்கு 2.5 மடங்கு விலை. ஆனால் கொடி எல்லார் கண்ணிலும் படும். கப்பலை மூழ்கடித்தவர் அந்தக் கொடியையே எடுத்துப்போய் விற்கலாம். பேராசைப்படுவதா வேண்டாமா என்ற முடிவை ஆட்டக்காரரே எடுக்கிறார். அதனால் தோற்றாலும் விளையாட்டைத் திட்டமாட்டார், தன்னையே திட்டிக்கொள்வார்.

இழப்பு அந்த ஒரு பயணத்தின் சரக்கோடு நிற்கட்டும். பல வாரம் உழைத்து வாங்கிய கப்பலைப் பறித்தால் மறுநாள் அவர் வரமாட்டார். மூழ்கியவரைத் தொலைவில் ஒரு தீவருகே எழுப்புங்கள். வென்றவர் மிதக்கும் பொருளை அள்ளி முடிக்கும் முன் அவரால் திரும்ப முடியக் கூடாது. வென்றவரையும் சும்மா விடாதீர்கள்: சரக்கு ஏற ஏற அவர் கப்பலின் வேகம் குறையட்டும். அப்போது மூன்றாவது கப்பல் ஒன்று அடிவானத்தில் தெரிந்தாலே அவருக்கு வியர்க்கும்.

சரணடையும் வசதியையும் வையுங்கள். நிஜக் கடற்கொள்ளையர்கள் கறுப்புக் கொடியை ஏற்றியது பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கத்தான். பயந்து பணிந்த கப்பலில் சரக்கும் சேதமில்லாமல் கிடைக்கும், தங்கள் ஆட்களும் சாகமாட்டார்கள். உங்கள் விளையாட்டிலும் மூழ்கும் கப்பலோடு சரக்கில் ஒரு பங்கு அழியட்டும். பணிந்தால் முழுவதும் கைமாறட்டும், பணிந்தவர் கப்பலோடு பிழைத்துப் போகட்டும். ஆனால் பணிய வைத்ததற்கென்று தனிப் பரிசு வைத்துவிடாதீர்கள். வைத்தால் இரண்டு நண்பர்கள் இரவு முழுக்க ஒருவருக்கொருவர் மாறி மாறிப் பணிந்து காசு குவிப்பார்கள். இருக்கும் பொருள் கைமாறலாம், புதிதாக எதுவும் முளைக்கக் கூடாது.

சண்டைக்கென்று தனிக் களம் அமைக்கும் ஆசை உங்களுக்கும் வரும். 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' விளையாட்டில் 2019-இல் அப்படி ஒன்றைத் திறந்து 2022-இல் மூடிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் செலவிட்ட நேரத்தில் 2 சதவீதமே அங்கே கழிந்ததாக அந்த நிறுவனமே சொன்னது.

இனி சண்டைகளுக்கு நடுவே வரும் அந்த இடைநேரம். 2003-இல் வந்த 'பஸில் பைரட்ஸ்' விளையாட்டில் பாய்களைக் கவனிப்பது, அடித்தளத் தண்ணீரை இறைப்பது, ஓட்டையை அடைப்பது என ஒவ்வொரு வேலையும் ஒரு புதிர். யார் ஒழுங்காக உழைத்தார், யார் சோம்பினார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். புதிர்தான் வேண்டும் என்பதில்லை. போன சண்டையின் காயம் அடுத்த சண்டைக்குள் வர வேண்டும், அவ்வளவுதான். பலகை குறைவாக இருக்கும்போது முதலில் பாய்மரத்தைச் சரிசெய்வதா, அடித்தளத்தையா? எதிரியைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் குட்டி வரைபடம் திரையில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கடலைப் பார்ப்பதே அப்போது ஒரு வேலையாகிவிடும்.

பங்கு பிரிப்பதும் இந்த நேரத்துக்கு ஏற்ற வேலை. 18-ஆம் நூற்றாண்டுக் கடற்கொள்ளையர் பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பல் ஒப்பந்தத்தில் தலைவருக்கும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா 2 பங்கு, பீரங்கித் தலைவருக்கு ஒன்றரை. உங்கள் ஆட்களும் புறப்படும்போதே பேசி முடிவு செய்யட்டும். வாக்குவாதம் வரும், வரட்டும், அதுவும் ஆட்டம்தான். எல்லா நிமிடத்தையும் வேலையால் அடைத்துவிடவும் வேண்டாம். மனிதர்கள் பேசிக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தாது: சிறு படகில் தனியாக வருபவர். சுக்கானைப் பிடித்தால் அவரால் பீரங்கியைச் சுட முடியாது. சுடப் போனால் தண்ணீர் இறைக்க ஆளில்லை. இறைக்கக் கீழே இறங்கினால் அடிவானத்தைப் பார்க்க யாருமில்லை. நால்வர் கப்பலோடு அவர் மோதினால் முடிவு முன்பே தெரிந்ததுதான். அவர் பீரங்கிக்கு வலு கூட்டிச் சமன் செய்ய நினைக்காதீர்கள். நால்வரும் நாளை நான்கு சிறு படகுகளில் வருவார்கள். தப்பிப்பதுதான் அவருடைய வெற்றி. எதிர்காற்றில் சிறு படகு பெரிய கப்பலைவிட வேகமாகப் போகட்டும், ஆழமில்லாத நீரில் அது மட்டும் நுழையட்டும், துரத்துபவரிடமிருந்து சரக்கோடு தப்பினால் புகழ்ப்புள்ளி கிடைக்கட்டும். இந்தப் புள்ளி சரக்கு இல்லாமல் ஓடியவருக்குக் கிடையாது. நடுவில் நண்பர் ஒருவர் வந்து படகில் ஏறினால் அந்த நொடியிலிருந்து அவர் தனி ஆள் இல்லை, புள்ளியும் இல்லை. இதை நிரலிலேயே எழுதிவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் வேண்டுகோளாக ஒட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

இப்போது உங்கள் ஆலோசகர். அலுப்பை நீங்களே உண்டாக்கி, அதிலிருந்து தப்பிக்க நீங்களே டிக்கெட் விற்க வேண்டும் என்கிறார். டிக்கெட் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து பயணத்தைச் சுவையாக்க உங்களுக்கே மனம் வராது. அலுப்பு குறைந்தால் வருமானமும் குறையும். சரக்கோடு தாவ விட்டால் மேலே சொன்ன ஆபத்து முழுவதும் காலி. தாவல் இல்லாமல் முடியாது என்றால், வெறும் கப்பலாகத்தான் தாவலாம், கட்டணமும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அவர் தினசரி வருகைப் பரிசு, ஏழாம் நாள் போனஸ் என்று ஒரு பட்டியலை நீட்டுவார். முதலீட்டாளர்களும் வெளியீட்டாளர்களும் வரைபடத்தில் கோடு ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆடியவர் சிரித்தாரா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் இத்தகைய தரகர்களின் பிழைப்பு ஓடுகிறது. அவர் ஒப்பந்தத்தில் வருமானத்தில் பங்கு கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.