இணையத் தொலைபேசியில் அடையாளச் சரிபார்ப்பை விரைவாகவும் பாதுகாப்பாகவும் செய்வது எப்படி?

அழைப்பவர் தான் சொல்லும் கணக்குக்கு உரியவர்தானா என்று சேவையகம் உறுதிசெய்வதே அடையாளச் சரிபார்ப்பு. இணைய அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் சிப் (SIP) நெறிமுறையின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் கடவுச்சொல் அப்படியே அனுப்பப்படுவதில்லை. சேவையகம் தரும் புதிய எண்ணோடு அதைக் கலந்து கணக்கிட்ட விடை மட்டுமே செல்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை நாள்தோறும் வேறு கேள்வி கேட்டால், நேற்றைய பதிலை ஒட்டுக்கேட்டவர் இன்று இன்னொருவருக்காகப் பேர் போட முடியாதல்லவா, அதுபோலத்தான்.

முதல் கோரிக்கை மறுக்கப்பட்டு, எண் வந்த பிறகு மீண்டும் கோர வேண்டியிருப்பதால் தாமதம் ஏற்படுகிறது. மழைநாளில் சிக்னல் தளரும் இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கத்து லயன்களில் (தோட்டக் குடியிருப்புகளில்) அது நன்றாகவே தெரியும். அடுத்த எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சமாகும். விடையைக் கணக்கிடும் முறைகளில் பலவீனமான எம்டி5ஐ (MD5) கைவிட்டு, சிப்புக்கென 2020இல் தரப்படுத்தப்பட்ட ஷா-256ஐ (SHA-256) நீளமான கடவுச்சொல்லோடு பயன்படுத்துவதே நல்லது.

சரிபார்ப்பு முடிந்தால் பேச்சும் இரகசியமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு; உரையாடலை மறைக்கத் தனியான குறியாக்கம் தேவை.