கராஜ் பங்க் குழுக்களின் இரண்டாவது ஆல்பம் ஏன் பல நேரம் இன்னும் முரட்டுத்தனமாக, இருண்டு ஒலிக்கிறது?

கிதார், டிரம்ஸ், ஒரு குரல். மெருகு பார்க்காமல், வேகமாக வாசிக்கும் ராக் இசைதான் கராஜ் பங்க். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் வீட்டின் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

முதல் ஆல்பத்தின் பாட்டுகள் பெரும்பாலும் வருடக்கணக்கில் சேர்ந்தவை. இரண்டாவதற்குக் கிடைப்பது சில மாதங்கள், அதுவும் ஊர் ஊராக வாசித்துக் களைத்த மாதங்கள். அந்த அலுப்பும் தூக்கமின்மையும் பாட்டில் இறங்கிவிடும். கூட்டத்தை எது உலுக்கும் என்பதும் அதற்குள் கைக்குப் பழகியிருக்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் தி ஸ்டூஜஸ் என்ற அமெரிக்கக் குழு. 1969இல் வந்த முதல் ஆல்பத்தைவிட 1970இல் வந்த ‘ஃபன் ஹவுஸ்’ பல மடங்கு மூர்க்கமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோவில், மேடையில் போலவே ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். இகி பாப் மைக்கைக் கையில் பிடித்துப் பாடினார். ஒரு கருவியின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கசிந்தது. பிற்பகுதியில் சாக்ஸபோன் நுழைந்து அலறும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சின்ன ரேடியோவின் ஒலியை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். குரல் பெரிதாவதோடு நிற்காது, ஓரம் கிழிந்து கரகரக்கும். கிதார் ஆம்ப்ளிஃபயரிலும் அதேதான்: தாங்கும் அளவைத் தாண்டியதும் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, மூல ஒலியில் இல்லாத சுரங்கள் சேர்ந்துகொள்கின்றன.

இதைக் கேட்டு, வாசிக்கத் தெரியாதவர்கள் என்றும் பதிவு கெட்டுவிட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கரகரப்பு வேண்டுமென்றே வரவழைத்தது, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் அப்படியேதான் இருக்கும்.