129 எடுத்தவன் பெயிலா?

கேள்வி: ஐயா, என் மகன் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப் சோதனையில 129 எடுத்தான், வெட்டுப்புள்ளிக்கு அஞ்சு புள்ளி காணாம பெயில் ஆகிட்டான். தோட்டத்து ஸ்கூல்ல இனி இருந்தா உருப்பட மாட்டான்னு எங்க லயத்துல, வரிசை வீட்டுல, எல்லாரும் சொல்றாங்க. ஆறாம் ஆண்டுக்கு டவுன் ஸ்கூல்ல போடட்டுமா?
– ஒரு தாய், பொகவந்தலாவ

பதில்: தங்கச்சி, டவுன் ஸ்கூல் கதைய பிறகு பேசுவோம், மொதல்ல அந்தப் 'பெயில்' எங்கிருந்து வந்திச்சின்னு சொல்லுங்க. ரிசல்ட் ஷீட்ல அப்படி எழுதியிருந்திச்சா? இருக்காது. 200க்கு 129ன்னா நூத்துக்கு அறுபத்தி நாலரை, இதே 64 புள்ளிய உங்க மகன் பதினோராம் ஆண்டு ஓ/எல் சோதனையில ஒரு பாடத்துக்கு எடுத்தா 'சி', திறமைச் சித்தின்னு சொல்லி லயம் பூரா டொஃபி குடுப்பீங்க. பத்து வயசுல எடுத்தா பெயிலா?

வெட்டுப்புள்ளி பிள்ளைய அளக்கிறது இல்லங்க. இந்த மாவட்டத்துல, இந்த மொழியில இத்தனை பேருக்குத்தான் உதவிப்பணம், பேர்போன ஸ்கூல்கள்ல இத்தனை இடம்தான்னு கணக்கு வச்சிக்கிட்டு மேல இருந்து எண்ணிட்டு வர்றாங்க, எண்ணிக்கை முடியிற இடத்துல கோடு போடுறாங்க, அதுதான் வெட்டு. அதனாலதான் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுது, வருஷத்துக்கு வருஷம் மாறுது. போன வருஷம் உள்ள வந்த புள்ளி இந்த வருஷம் வெளிய நிக்கும், பிள்ளையோட மூளையா மாறிச்சி? அந்த உதவிப்பணமும் கோட்டைத் தாண்டின எல்லாருக்கும் இல்ல, வருமானம் குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைக்குத்தான்.

வெட்டுன்னா என்னன்னு நம்ம பொம்பளைங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துல சாக்குக்குன்னு ஒரு கிலோ, மழைத்தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ, முத்தின இலை இருக்குன்னு இன்னொண்ணு. 20 கிலோவ முதுகுல சுமந்து மலை இறங்கி வந்தவளுக்கு துண்டுல 16ன்னு எழுதுவாங்க. அந்த நாலு கிலோவ அவ எடுக்கலயா? என் அம்மா அந்தத் துண்ட பார்த்துக்கிட்டே நின்ன நிற்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, இந்தப் பக்கத்துல எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறல. தராசப் பத்தி இன்னொரு நாள் முழுசா எழுதுறேன்.

எனக்கு இன்னொரு பழைய பகை பேனரோட. சித்தியடைஞ்ச மூணு பிள்ளைங்க படத்தை கேட்ல பெருசா தொங்கவிட்டுட்டு, மிச்சம் முப்பது பிள்ளைங்கள தினமும் காலையில அதுக்குக் கீழ நடந்து உள்ள போகச் சொல்றாங்க. மஸ்கெலியா பக்கம் ஒரு லயத்துக்குப் போனப்ப கூரைத்தகரம் ஒழுகுற எடத்துல பழைய பேனர் ஒண்ண விரிச்சி மேல கல்லு வச்சிருந்தாங்க, ஸ்கொலஷிப் பிள்ளைங்க முகம் வானத்தைப் பார்த்துக்கிட்டு மழையில நனையுது. அந்த வீட்டுப் பிள்ளை நாலாம் ஆண்டு. பாடப்புத்தகத்தை வாங்கி வாசிக்கச் சொன்னேன், விரலை வரிக்குக் கீழ வச்சிக்கிட்டு எழுத்து எழுத்தா கூட்டிச்சி, 'சுற்றாடல்'ங்கிற சொல்லுல நின்னிரிச்சி. ஆனா பாஸ்ட் பேப்பர் கட்டு ஒண்ணு பக்கத்துலயே இருந்திச்சி, அதுல விடைக்குக் கீழ கோடு மட்டும் சரியா போட்டிருக்கு! வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு பேப்பர் செய்யப் பழக்குறோம், இதைத்தான் படிப்புன்னு நம்புறோம், எனக்கு வயிறு எரியுது.

அப்புறம் 'தோட்டத்து ஸ்கூல்ல இருந்தா உருப்படாது'. 1945ல கல்வி மந்திரி கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டு வந்தாரு, நாட்டுல எல்லாப் பிள்ளையும் படிச்சிதுன்னு மேடைக்கு மேடை பேசுறாங்க, நானும் மேடைக்கு மேடை மறுத்துப் பேசுறேன். நம்ம பள்ளிக்கூடம் அப்ப தோட்டத்த நடத்தின துரைமார் கையில. ஒரு அறை, ஒரு மாஸ்டர், அஞ்சு வகுப்பு. தோட்டங்கள 1972லயும் 75லயும் அரசாங்கம் எடுத்த அந்தக் காலத்துக்குப் பிறகுதான் பள்ளிக்கூடமும் கொஞ்சம் கொஞ்சமா அரசாங்கத்துக்கு வந்திச்சி. உங்க மகனோட தாத்தா அந்த ஒத்த அறையில உட்கார்ந்தவரா இருப்பாரு. அந்த வீட்டுல இருந்து, டியூஷன் போற டவுன் பிள்ளையோட ஒரே பேப்பர எழுதி 129 எடுத்திருக்கான். அவனைப் போயி பெயில்னு எழுதுறீங்களேம்மா.

டவுன் ஸ்கூலுக்குப் போகணும்னா விடியக்காலை பஸ்ஸு, வந்து சேர இருட்டிரும், பதினொரு வயசுப் பிள்ளை எப்ப வாசிக்கும், எப்ப விளையாடும்? பக்கத்து ஸ்கூல்ல ஆறாம் ஆண்டு இருந்தா, கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் டீச்சர் இருக்காங்களான்னு நேர்ல போயி அதிபர்கிட்ட கேளுங்க. இருந்தா மாத்தாதீங்க. இல்லன்னா மாத்துங்க, அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அந்த அஞ்சு புள்ளிக்காக மாத்தாதீங்க.

ஸ்கொலஷிப்போட ரெண்டு பேப்பர்லயும் எதுல எத்தனைன்னு மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்க. நான் நினைக்கிறேன், ரெண்டாம் பேப்பர்லதான் போயிருக்கும், வாசிக்க நேரம் காணாம. அப்படின்னா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணித்தியாலம் அவனை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, பழைய பத்திரிகைன்னாலும் பரவாயில்ல, நீங்க கேட்டுக்கிட்டு உட்கார்ந்தா போதும். இந்த இதழ்ல இருந்தே தொடங்கட்டும், இந்தப் பதில மட்டும் விட்டுட்டு.