தொழிற்பயிற்சி காலத்துக்கு ஏற்ப வளையுமா? சில கேள்விகள், என் பதில்கள்

புது இயந்திரம் வரும்போதெல்லாம் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எப்படி ஈடுகொடுப்பது சார்? (ஒரு பயிற்றுநர்)

ஈடுகொடுக்க முடியாது, அந்த ஓட்டப்பந்தயமே வேண்டாம். நிற்கும் பகுதி எது, மாறும் பகுதி எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரையே எடுத்துக்கொள்வோம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுவதற்கு முன் இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் வைத்து, மீட்டரே ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியையே சந்தேகப்படும் இந்தப் பழக்கம் நிற்கும் பகுதி. எந்த மாடலில் எந்த பிளக் எங்கே என்பது மாறும் பகுதி. அதைத் தனிச் சிறு பாடமாக வைத்தால் கழற்றி மாட்டலாம்.

ஜெர்மனியில் 2003-இல் கார் மெக்கானிக், கார் எலக்ட்ரீஷியன் தொழில்களை ஒன்றாக்கினார்கள். 2013-இல் உயர் மின்னழுத்தம் அதற்குள்ளேயே ஒரு சிறப்புப் பிரிவாக வந்தது. புதுத் தொழில் எதுவும் உருவாக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக வயரிங் வேலை. சான்றிதழ் இல்லை. இந்த வயதில் வேலையை விட்டுவிட்டு ரெண்டு வருஷம் வகுப்பில் உட்கார முடியுமா?

உட்காரக் கூடாது என்பதுதான் என் கட்சி. தெரிந்ததைத் திரும்பப் படிக்கவைப்பது வீண். பிரான்சில் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவதற்கு 2002-இலேயே சட்டம் வந்தது. பின்லாந்தில் 2018 சீர்திருத்தத்துக்குப் பிறகு வருஷத்தின் எந்த மாதத்திலும் சேரலாம். தெரிந்ததைக் கழித்துவிட்டு ஆளுக்கொரு திட்டம் போடுகிறார்கள். திறமையை உண்மையான வேலையிடத்தில் செய்து காட்ட வேண்டும். உங்கள் ஊரில் முன் அனுபவத்துக்கு மதிப்பீடு உண்டா என்று விசாரியுங்கள். அதற்குள் செய்த வேலைகளின் படங்கள், மேற்பார்வையாளரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

எனக்கு மூன்று மாதப் பயிற்சி பெற்ற ஆள் போதும். எதற்கு இத்தனை நீட்டல்? (பட்டறை உரிமையாளர்)

உங்களுக்குப் போதும், அவருக்குப் போதாது. உங்கள் இயந்திரம் பழசானால் அவரும் அதோடு பழசாகிவிடுவார். பாடத்திட்டக் குழுவில் நீங்கள் அவசியம் இருக்க வேண்டும். ஆனால் பேனா உங்கள் கையில் மட்டும் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதலாளிகள் தரப்போடு தொழிற்சங்கமும் உட்கார்ந்துதான் பயிற்சி விதிகளை எழுதுகிறது.

குறுகிய படிப்புச் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. என்ன கற்றார், எத்தனை நேரம், எப்படிச் சோதித்தார்கள் என்று மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தந்த பரிந்துரையிலும் இவை உண்டு. அப்புறம், பின்னால் பெரிய சான்றிதழுக்குப் படிக்கும்போது இதில் கற்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

எல்லாம் சரி, எங்களுக்கு யார் கற்றுத் தருவது? (முதலில் கேட்ட பயிற்றுநரே)

இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பயிற்றுநரைச் சில வருஷத்துக்கு ஒருமுறை, சம்பளத்தோடு, சில வாரமாவது தொழிற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பார்வையாளராக அல்ல, வேலை செய்ய. பதினோரு வருஷம் பாடம் நடத்திய பிறகு நான் ஒரு முறை போனேன். முதல் நாளே இருபது வயதுப் பையன் ஒருவன், "சார், அந்த லீவர் இப்ப இல்ல, திரையில இருக்கு" என்றான். திரும்பி வந்ததும் என் குறிப்பேட்டில் பாதியைக் கிழித்தேன்.